வலி யாருக்கு

ஆஸ்பத்திரியில் முதுகுவலிச் சிகிச்சைக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் அந்தக் கருவி, முதல் கேள்வியை யாரைப் பார்த்துக் கேட்டது என்பது மாசிலாமணிக்குச் சரியாக நினைவில்லை. ஆறு வருடமாக வலி அவர் மனைவி திலகவதிக்குத்தான். பனியன் கம்பெனியில் தையல் வேலை. ஆனால் வெளியாட்கள் எது கேட்டாலும் அவளுக்காகப் பதில் சொல்வது அவர்தான். அன்றும் எங்கே பிடிக்கிறது, எப்படி இழுக்கிறது என்று முகத்தைச் சுளித்து, இடுப்பைத் தொட்டுக் காட்டிச் சொன்னார். திலகவதி பக்கத்து நாற்காலியில் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

சிகிச்சைக்குத் தேர்வானவர்கள் பட்டியலில் மாசிலாமணியின் பெயர் வந்தது.

"எனக்கு வலியே இல்லைங்களே," என்றார் நர்ஸிடம்.

"உங்களுக்குத் தெரியாம இருக்கும். முகத்தைப் பார்த்தே அது கண்டுபிடிச்சுருமுங்க. வேண்டாம்னா உங்க வீட்டுல யாருக்குமே இனி எடம் கெடைக்காது."

"அப்ப இவளுக்கு?"

"அம்மாவுக்கு ஒண்ணுமில்லைன்னு வந்திருக்குது. மூணு வருசம் கழிச்சு மறுபடி பார்க்கலாம்."

இருவரும் வெளியே வந்தார்கள்.

"ஏனுங்க, எங்கிட்ட மறைச்சீங்களா?" என்றாள் திலகவதி.

அவர் குனிந்து நிமிர்ந்து பார்த்தார். வலித்ததா இல்லையா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுமாதம் மாசிலாமணிக்குச் சிகிச்சை நடந்தது. அவரைப் பார்த்துக்கொள்ளத் திலகவதி வேலையை விட்டுவிட்டாள்.