லட்டு கொண்டுவந்த செருப்பு

பீன்ஸ் நறுக்கும்போதுதான் மாதுரிக்கு நாவல் ஓடும். ஸ்ரீரங்கத்து வீட்டின் அடுக்களையில் போனைச் சாய்த்து வைத்து, குக்கர் விசிலுக்கு மேல் குரலெடுத்து, வாயாலேயே சொல்லிப் பதிவுசெய்வாள். உட்கார்ந்து எழுத நேரம் ஏது? கணவன் ரகுநந்தன், பள்ளிக்கூடம் போகும் மகள், போதாக்குறைக்குப் போன வாரம் எடமலைப்பட்டி புதூரிலிருந்து வந்த நாய்க்குட்டி லட்டு.

லட்டுவுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். யார் வீட்டுக்கு வந்தாலும் அவர்கள் செருப்பில் ஒன்றைக் கவ்விவந்து மாதுரியின் காலடியில் போட்டுவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதுரிக்குக் கால் தரையில் பாவவில்லை. நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் கொள்ளிடம் ஆறு அடித்துக்கொண்டு போன சாரங்கனைச் சாகவிட வேண்டாம் என்று திடீரென்று தோன்றிவிட்டது. "சாரங்கன் வீட்டுக்குள் வந்தான்" என்று போனிடம் கிட்டத்தட்டக் கத்தினாள்.

லட்டு வாசலுக்கு ஓடியது. திரும்பி வந்து ஒரு செருப்பைப் போட்டது. பெரிய ஆண் செருப்பு. ஈரம் சொட்டியது. வாரெல்லாம் ஆற்றுமணல். மாதுரி குனிந்து பார்க்கவில்லை.

காய்கறிப் பையோடு நுழைந்த ரகுநந்தன் கேட்டான். "யாரு வந்திருக்கா மாதுரி? வாசல்ல ஒத்தைச் செருப்பு ஈரமாக் கெடக்கே?"

"பேசாதீங்கோ! அவன் இப்பத்தான் வந்திருக்கான்!" என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள்.

கூடத்தில், காலி நாற்காலியின் முன் லட்டு மல்லாந்து கிடந்தது. வால் தரையைத் தட்டித் தட்டி ஆடியது. ஈரக்கை ஒன்று தடவிக்கொடுப்பதுபோல, அதன் வயிற்று ரோமம் விரல் விரலாக நனைந்து, மேலும் கீழும் படிந்துகொண்டிருந்தது.