பாட்டில் பழக்கம்

"நாளைக்கு நான் கொடைக்கானலுக்கு வேலைக்குப் போனா, பகல் பூரா இவன் பட்டினி கெடப்பானே, அத்தே" என்று காலையில் ஜெயா அழுதாள். தாய்ப்பாலோடு பாட்டிலும் பழக்க வேண்டும். குழந்தையோ நிப்பிளைக் கண்டாலே வீறிட்டது.

மாமியார் மூக்கம்மா பூண்டுக் காட்டிலிருந்து திரும்பியபோது வீடு அமைதியாக இருந்தது. கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தது ஜெயாவின் நைட்டி; தலையைச் சால்வை மூடியிருந்தது. மடியில் குழந்தை பாட்டிலைச் சப்பிக்கொண்டிருந்தது.

"அப்பாடா. எப்படித்தா குடிக்க வச்ச?"

மூக்கம்மா இன்னும் கிட்டே போனாள்.

"ஒன்னையத்தான் கேக்குறேன்."

"மெதுவா, அத்தே" என்றபடி அடுப்படியிலிருந்து ஜெயா வந்தாள். "என் வாசனை இருந்தாத்தான் குடிக்கிறான்."

மூக்கம்மா திகைக்க, சால்வைக்குள்ளிருந்து மகன் மகேந்திரன் கிசுகிசுத்தான்: "சிரிச்சிராதம்மா, விட்டுருவான்."

மூக்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நீ நிம்மதியா வேலைக்குப் போ தாயி. மீசை வச்ச ஆத்தா ஒருத்தி இங்க இருக்கா."