வணங்காமல் போனவன்

அன்சாரி மௌத்தான துக்க வீட்டில் அவன் தம்பி, ஜெரோமின் முகத்தைப் பாராமலே கேட்டான்: "இப்பதான் வழி தெரிஞ்சுதாக்கும்?"

ஜெரோம் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். ஆனாலும் நண்பர்கள் இருவருக்கும் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கராத்தே பழகியவர்களின் இணைய மன்றத்தில், எந்த உதை பெரிது என்று தொடங்கிய சண்டை அது. அங்கே வாதம் செய்தவர்கள், களத்தில் குனிந்து வணங்குவதுபோல, "வணங்குகிறேன்" என்று எழுதித்தான் முடிக்க வேண்டும். ஜெரோம் எழுதாமல் போய்விட்டான்.

இனியாவது எழுதலாமென்று மன்றத்தைத் திறந்தான். அவன் மன்றத்தை விட்டுப் போன மறுநாளே அவன் பெயரில் வணக்கம் இருந்தது. "உங்களைப்போலவே எழுதி, உங்கள் கணக்கை நாங்கள் தொடர்ந்து நடத்தலாமா?" என்று தளம் கேட்டதும், படிக்காமலே சரி என்று தட்டியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

"நீ வணங்குவன்னு எனக்குத் தெரியும்ல!" என்று அன்சாரி குதூகலித்திருந்தான். அதன்பின் அந்தக் கணக்கு தினமும் அவனோடு பேசியிருந்தது, ஜெரோமே பேசுவதுபோல அச்சு அசலாக.

போன மாதம் அன்சாரி எழுதியிருந்தான்: "படுத்த படுக்கையாயிட்டேன். ஒரு எட்டு வந்துட்டுப் போயேம்ல."

"நாளைக்குக் கண்டிப்பா வாரேன்."

மறுநாளும் அவன் கேட்டிருந்தான். மறுநாளும் அதே பதில்.

கடைசியாக ஒரு வரி: "வாசக்கதவைச் சாத்த வேண்டாம்னு சொல்லியிருக்கேன்."

அதற்கும் உடனே பதில் போயிருந்தது.

"இந்தா, கெளம்பிட்டேம்ல."