பலாத்தூள்

முதல் ஹாம்ஸ்டர் எலி மூச்சு முட்டிச் செத்தது பலாமரத் தூளால். காடாம்புலியூரில் மரம் அறுக்கும் மில் வைத்திருக்கும் மாமா மூட்டையாகக் கொடுத்தது. வாசனையாக இருக்கிறதே என்று வினோதினிதான் கூண்டில் கொட்டினாள்.

இரண்டாவதை வாங்கிக் கடலூர் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே மூட்டையைக் குப்பை வண்டியில் போட்டாள். மை படாத வெள்ளைக் காகிதத்தை மெல்லிசாகக் கிழித்து, அது வளை தோண்ட ஒரு சாண் உயரம் நிரப்பினாள்.

காலையில் காகிதத்துக்குள் இரண்டு வளைகள் இருந்தன. ஒன்றில் ஹாம்ஸ்டர் தூங்கியது. மற்றதன் அடியில் ஒரு பிடி பலாத்தூள், மஞ்சளாக.

அள்ளிக் கொட்டினாள். கூண்டைக் கழுவி வெயிலில் காயவைத்துப் புதுக் காகிதம் போட்டாள். மறுநாளும் தூள் இருந்தது. பதினோரு நாள் இருந்தது.

"வுட்டுடேன், வினோ," என்றான் கணவன் பாலகுமார்.

"மொதல்ல இருந்தத தூள்ல இன்னொரு தடவ படுக்க வுடமாட்டேன். மாத்திக்கிட்டேதான் இருப்பேன்."

பன்னிரண்டாம் நாள் தூள் இல்லை. ஹாம்ஸ்டர் சக்கரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வளை ஆறிக் கிடந்தது. இரண்டாவது வளையில் காகிதம் வட்டமாக அமுங்கியிருந்தது. விரலை வைத்துப் பார்த்தாள். கதகதப்பாக இருந்தது.

வினோதினி இன்னொரு கட்டுக் காகிதத்தை எடுத்து வந்து கிழிக்க உட்கார்ந்தாள்.