ஏழு கிழமைக் கத்தி

திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டி வைத்திருந்த அப்பாதுரையின் மோவாயில், செவ்வாய் வெள்ளி நீங்கலாக, நாளுக்கொரு ரேசர் ஓடும். எல்லாம் வெள்ளைக்காரன் காலத்து ஒருபக்கக் கத்தி ரேசர்கள். கத்தி மழுங்கினால் எறிய வேண்டாம். தோல் வாரில் தீட்டி மறுபடி மாட்டலாம். இதுவரை பதினொன்று சேர்த்து, மனைவி காந்திமதிக்குப் பயந்து மண்டி உள்ளறையில் வைத்திருந்தார். விழுப்புரம் வக்கீல் சீனுவாசனிடமும் பதினொன்று. அதுதான் இரண்டு வருஷமாக அப்பாதுரையின் தூக்கத்தைக் கெடுத்தது.

1956இல் ஒரு நாள் மத்தியானம், புதுச்சேரி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே மண்டிக்கு வந்தான் விருத்தாசலம் என்ற ஒருவன். துணிப்பையிலிருந்து ஒரு தோல் பெட்டியை எடுத்துத் திறந்தான்.

"பிரெஞ்சு ஜட்ஜ் துரைகிட்ட பட்லரா இருந்தேங்க. ஊருக்குப் போவும்போது எனக்குக் குடுத்துட்டுப் போனாரு. ஏழு நாளைக்கு ஏழு கத்தி."

வெல்வெட்டில் ஒரு ரேசர், ஏழு கத்திகள். ஒவ்வொரு கத்தியின் முதுகிலும் பிரெஞ்சில் ஒரு கிழமை. புதுச்சேரி வியாபாரத்தால் கிழமைகளைப் படிக்கும் அளவுக்கு அப்பாதுரைக்குப் பிரெஞ்சு வரும். மூச்சு நின்றுவிட்டது. முகத்தில் மட்டும், சொத்தை மல்லாட்டையைப் பார்ப்பதுபோல ஓர் இளப்பம்.

"துரை தெனமும் ஷேவ் பண்ணுவாரோ?"

"ஒரு நாள் தவறாதுங்க. மழையோ புயலோ, பண்ணிக்கினுதான் கோர்ட்டுக்குப் போவாரு."

அப்பாதுரை கத்திகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு சிரித்தார்.

"அஞ்சு கத்தி தீட்டித் தீட்டிப் பாதியாத் தேஞ்சிருக்கு. இந்த ரெண்டும் சோப்பையே கண்டதில்ல. என்ன கிழமை தெரியுமா? செவ்வாய், வெள்ளி! எந்த வெள்ளைக்காரண்டா செவ்வாய் வெள்ளி பாக்கறான்? நம்ம ஊர்ப் பெரிய மனுஷன் எவன் வீட்லயோ அடிச்சதுதானே? எதிர்லதான் ஸ்டேஷன். கூப்பிடட்டுமா?"

விருத்தாசலம் நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தான்.

"பேஜாரு பண்ணாதீங்க மொதலாளி, புள்ளகுட்டிக்காரன்! ஐந்நூறு கேக்கலாம்னு வந்தேன். ஏதோ பாத்துக் குடுங்க, ஜல்தியாப் போயிடறேன். ஆனா இத வெளிய காட்டிடாதீங்க. மாட்டினா ரெண்டு பேரும்தான்."

பணப்பெட்டிச் சாவி காந்திமதியின் இடுப்பில். அப்பாதுரை தன் விரலைப் பார்த்தார். மாமனார் போட்ட முக்கால் சவரன் மோதிரம். இழுத்தார்; வரவில்லை. விருத்தாசலமே பிரஷ்ஷில் ஷேவிங் சோப்பைக் குழைத்து விரலில் தடவ, வழுக்கிக்கொண்டு வந்தது.

"அம்மா கேட்டா, கிணத்துல விழுந்துடுச்சின்னு சொல்லிடுங்க" என்று படியிறங்கும்போது யோசனையும் சொல்லிவிட்டுப் போனான்.

சொன்னார். காந்திமதி மூன்று நாள் பாதாளக்கரண்டி போட்டுக் கிணற்றைத் துழாவினாள். இரண்டு குடமும் ஒரு வாளியும் கிடைத்தன.

திருட்டுச் சரக்கு, யாரிடமும் காட்ட முடியாது. ஆனாலும் தோற்றுப்போனது தெரியாமல் உட்கார்ந்திருக்கும் வக்கீல் முகத்தை ஒரு தடவை பார்க்காவிட்டால் சோறு இறங்காது போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்துக்கு ரயில் ஏறினார்.

வக்கீல் வீட்டுக் கொல்லையில் 'டங், டங்' என்று சத்தம்.

"அது ஒண்ணுமில்லங்க. குளிக்கும்போது மோதிரம் கிணத்துல விழுந்துடுச்சி. வீட்ல பாதாளக்கரண்டி போட்டுத் தேடிக்கினு இருக்காங்க" என்றார் சீனுவாசன்.

அப்பாதுரையின் கை தானாக மடியில் ஒளிந்தது.

வக்கீல் எழுந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு காட்டறேன், வெளிய மூச்சு விடக் கூடாது. பிரெஞ்சு ஜட்ஜோடதுன்னு அளந்தான் ஒருத்தன். எங்கிட்டயா? ஒரே கேள்வியில மடக்கிட்டேன்!"

தோல் பெட்டியில் ஏழு கத்திகள் இருந்தன. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் சோப்பையே கண்டதில்லை.