நல்ல தண்ணீர்த் தொட்டி

வேலப்பன்சாவடிக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் மதிய வெயில் இரண்டு கண்ணாடித் தொட்டிகளின் மேல் விழுகிறது. ஒன்றில் ஆலைக் கழிவு கலந்த ஏரி நீர், மற்றதில் வாராவாரம் லாரியில் வரும் நல்ல தண்ணீர். ஏரி நீர் மீனின் மூளையை அறுத்தெடுத்து, நல்ல தண்ணீர் மீனின் மூளையோடு ஒப்பிட்டுக் காட்டினால்தான் சௌம்யாவின் ஆராய்ச்சி எடுபடும். ஆனால் இரண்டு தொட்டி மீன்களும் ஒரே மாதிரி ஒருக்களித்துச் சாய்ந்து, செவுள் துடிக்க நீந்துகின்றன. எடுத்த கத்தியைத் தட்டிலேயே வைத்துவிட்டு அவள் ஜன்னலுக்கு வருகிறாள். கீழே ஓட்டுநர் கஜபதியின் டேங்கர் லாரிக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.

“கஜபதிண்ணே, இந்தத் தண்ணி எங்க புடிக்கிறீங்க?”

“ஏரிக்கரை கெணத்துலதாம்மா. இன்னா, மீனுங்க உன்னாண்ட கம்ப்ளெயின்ட் பண்ணுதா?”

“அந்த ஏரிக்கரையிலயா? என் ஆராய்ச்சியே போச்சுண்ணே.”

“அட, இன்னாம்மா நீ! காலையில திருவேற்காட்ல உங்க ஊட்டு தொட்டியிலயும் இத்ததான் ஊத்திட்டு வந்தேன்.”

ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்தபடி சௌம்யா வீட்டுக்குப் போன் போடுகிறாள். அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது. ஆனாலும் குரலில் ஒரு நிம்மதி.

“ஒருவழியா லாரி வந்துச்சுடி. இருக்கிற குடத்தையெல்லாம் ரொப்பிட்டேன். இப்பதான் வயிறு முட்டக் குடிச்சிட்டு உக்காந்தேன்.”