நீல முடிக்காரி

நீல முடிக்காரி இரண்டாவது முறையாக வேலப்பனின் தலையைச் சீவி எறிந்தாள். தலை பனியில் உருண்டுபோய்க் கோட்டை மதிலில் முட்டி நின்றது.

வேலப்பன் மவுஸை விட்டுவிட்டுத் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். காலடிப்பேட்டையில் அக்கா மகள் மதி நடத்தும் பிரவுசிங் சென்டரில், மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில், ஒரு வாள்சண்டை விளையாட்டில் இந்த அவமானம் நடந்துகொண்டிருந்தது.

போன வாரம் பந்தயம் வைத்தவள் மதிதான். மூன்று ஆட்டத்தில் ஒன்றே ஒன்றில் அவன் ஜெயித்தாலும் கடையை மூடிவிட்டுத் தாலிக்குக் கழுத்தை நீட்டுவாள். மூன்றிலும் தோற்றால், தாய்மாமன் முறை என்ற பேச்சையே அவன் இனி எடுக்கக் கூடாது.

பி.காம். படித்த பெண்ணுக்கு இவ்வளவுதான் புத்தி என்று வேலப்பன் நினைத்தான். எர்ணாவூரில் பத்து வருஷம் சிலம்பம் சுற்றிய கை அவனுடையது. போதாததற்கு ஒரு வாரமாக எம்.கே.பி. நகரில் வேறொரு கடையில் உட்கார்ந்து, இதே நீல முடிக்காரியை ஊதித் தள்ளிவிட்டு வந்திருந்தான்.

கவுண்டரில் மதி கீபோர்டைப் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு அடைக்கலமேரி, மகனுடைய பயோடேட்டாவுக்காகக் காத்திருந்தாள்.

"இவ எங்க வித்தை கத்துக்கினா, மதி? அந்தக் கடையில இம்மாம் வேகம் இல்லியே," என்றான் வேலப்பன்.

"பழகியிருப்பா," என்றாள் மதி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வேலப்பனுக்குச் சிரிப்பு வந்தது. பொம்மைக்கு ஏது பயிற்சி என்று விளக்கினான். கூரைக்குக் கூரை தாவுவதும், உள்ளங்கையிலிருந்து நெருப்பை எறிவதும் கம்பெனிக்காரன் பிறவியிலேயே வைத்து அனுப்பியது. பாடுபட்டுப் பழகுவதெல்லாம் ஆம்பளைக்குத்தான். பொம்பளைக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது, அவளுக்குத்தான் அடுப்படி இருக்கிறதே.

மதியின் கீபோர்டு சத்தம் கொஞ்சம் கூடியது.

மூன்றாவது ஆட்டத்தில் நீல முடிக்காரி அவனை மதில்வரை தள்ளிக்கொண்டு போனாள். அந்த நேரம் பார்த்து யாரோ ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தார்கள். மதி முனகிக்கொண்டே எழுந்து மெஷினுக்குப் போனாள்.

நீல முடிக்காரி வாளைத் தொங்கவிட்டுச் சும்மா நின்றாள். கம்ப்யூட்டர் சூடாகிவிட்டது போல என்று வேலப்பன் ஆசை தீர வெட்டினான். திரையின் மேலே அவள் உயிரைக் காட்டும் கோடு தேய்ந்து நூலாகிவிட்டது. அவன் மனசுக்குள் பந்தக்கால் நட்டு, வாழைமரமும் கட்டியாயிற்று.

மதி ஜெராக்ஸைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நீல முடிக்காரி துள்ளி எழும்பினாள். மூன்றாவது தலையும் உருண்டது.

வேலப்பன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "மெஷினாண்ட தோத்தா அது தோல்வியே இல்ல, இந்தப் பந்தயம் செல்லாது. மனுசங்க கையால தோத்திருந்தா வாய மூடிக்கினு போயிருப்பேன்."

"நெஜமாவா மாமா?"

"எங்கம்மா மேல சத்தியமா."

அடைக்கலமேரி முந்தானையால் விசிறிக்கொண்டே ஸ்டூலை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டாள். உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது.

"மூணு தலைய வெட்டிட்ட இல்லம்மா மதி, இப்பவாச்சும் எம் புள்ள பயோடேட்டாவ அடி."